சத்தப் பதிவேடு

எங்கப்பா ஒரு வாரம் லீவு போட்டார். வீட்டில் கல்யாணம் இல்லை. யாரும் ஆஸ்பத்திரியில் இல்லை. காரில் ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"ஆறே நாள்! அந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கல, என் பேரை மாத்தி வெச்சுக்கிறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தின் நடுவில் நின்று சபதம் போட்டார்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மெக்கானிக்கிட்ட காட்டினா ஆறே நிமிஷம்."

"மெக்கானிக்கா? அவனுக்குக் கை இருக்கு. காது இல்ல."

அந்தக் கார் என்னைவிட மூன்று வயது பெரியது. வீட்டுக்கு மூத்த பிள்ளை அதுதான். நான் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையில் தேறினபோது அப்பா என் தோளைத் தட்டினார். கார் புகைப் பரிசோதனையில் தேறினபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பொறாமையில் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முந்தின நாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை. ஜன்னலே இல்லாத அறை. நாள் பூரா நின்றுகொண்டே ஊசி குத்த வேண்டும். வீட்டுக்கு வரும்போது செருப்பு வார் காலில் பதிந்திருக்கும். அங்கே புதிதாக ஒரு வேலை வந்தது. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். வெளிக்காற்று, உட்கார்ந்து போகிற வேலை, மத்தியானத்தோடு முடிந்துவிடும். ஆனால் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு வர வேண்டும், எடுத்த ரத்தம் குலுங்கக் கூடாது, நேரம் தவறக் கூடாது. ஒரு வாரம் ஓட்டிக் காட்டினால் வேலை அம்மாவுக்கு. இல்லையென்றால் பக்கத்து மேசைக்காரிக்கு.

"என்னங்க, காலையில ரெண்டு மணி நேரம் வண்டி எனக்கு வேணும்."

"எந்த வண்டி?"

"நம்மகிட்ட என்ன பத்து வண்டியா நிக்குது?"

"இந்த வண்டியா? நீயா?"

"லைசென்ஸ் இருக்குங்க. ரெண்டு தடவை புதுப்பிச்சாச்சு."

"லைசென்ஸ் எல்லாருக்கும் குடுப்பாங்க. இந்த வண்டி என் கால் சொன்னாத்தான் கேக்கும்."

"நல்லவேளை. வீட்டுல ஒண்ணாவது உங்க பேச்சைக் கேக்குதே."

"சிரிக்காதே. நீ எடுத்தா குலுக்கல்லயே பாதி போல்ட் கழண்டுடும். வேணாம்."

அம்மா "சரி" என்றாள். அம்மா கத்தினால் எனக்குப் பயமே கிடையாது. "சரி" என்றால்தான் பயம்.

மறுநாள் காலையில் அப்பா ஒரு வேகத்தடையில் வேகமாக ஏறி இறங்கினார். அதிலிருந்து பின்பக்கம் டொக், டொக் என்று ஒரு சத்தம். அம்மா ஒன்றும் செய்யவில்லை. சத்தம் தானாக வந்தது. அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதுதான் அம்மாவுக்குத் தோன்றியது.

முதலில் அப்பாவே ஓட்டிக்கொண்டு பின்பக்கம் காதைத் திருப்பிக் கேட்டார். காது திரும்பினால் கண்ணும் திரும்பும் இல்லையா? குப்பைத்தொட்டி ஒன்று உயிர் தப்பியது.

"ஓட்டுறவன் கேக்க முடியாது. கேக்கறவன் ஓட்ட முடியாது" என்றார் அப்பா, பெரிய தத்துவம் மாதிரி. "வேற யாராவது ஓட்டணும்."

என்னைப் பார்த்தார். எனக்கு லைசென்ஸ் இல்லை. எதிர்வீட்டு மாமாவை நினைத்தார். அவர் ஓட்டினால் பேசிக்கொண்டே ஓட்டுவார், சத்தம் கேட்காது. வேறு வழியில்லாமல் துணி மடிக்கிற இடத்துக்குக் கண் போனது.

"நானா? எனக்கு எதுக்குங்க வம்பு? போல்ட் கழண்டுடும்" என்றாள் அம்மா.

"மெதுவாத்தானே ஓட்டப் போறே? நான் பின்னாடி இருக்கேன்ல?"

"ஓட்டறேன். ஆனா காலையில ஆறு மணிக்கு. அப்பத்தான் ரோட்டுல வேற சத்தம் இருக்காது. எங்க மேடு பள்ளம் அதிகமோ அந்தப் பக்கமா நான் கூட்டிட்டுப் போறேன். எனக்குத் தெரிஞ்ச தெருவா இருந்தா நல்லது."

"அது பேச்சு!" என்றார் அப்பா. அவளாகவே இறங்கி வந்துவிட்டாளாம்.

அப்பாவின் வேலை ஒரு அலுவலகத்தின் ஆவண அறையில். எழுதி வைக்காதது எதுவும் நடக்கவே இல்லை என்பது அவர் கொள்கை. அதனால் புது நோட்டு ஒன்றை வாங்கி, அட்டையில் 'சத்தப் பதிவேடு' என்று எழுதி என் கையில் கொடுத்தார். நான் முன்சீட்டு. அம்மா ஸ்டியரிங். அப்பா பின்சீட்டில் மண்டியிட்டு, காதைச் சீட்டு முதுகில் அழுத்தி, பின்பக்கத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"எழுது. நேரம் ஆறு பன்னிரண்டு. இடம், தண்ணித்தொட்டித் தெரு, மூணாவது வீடு. வண்டி நின்றது. ஓட்டியவர், மனைவி. குலுக்கல், இல்லை. சத்தம், ரெண்டு டொக்."

"குலுக்கல் எதுக்குப்பா எழுதணும்?"

"குலுக்கல் இருந்து சத்தம் வந்தா ஓட்டுறவங்க கோளாறு. குலுக்கல் இல்லாம சத்தம் வந்தா வண்டி கோளாறு. இதெல்லாம் விஞ்ஞானம். எழுது."

ஒவ்வொரு நிறுத்தத்திலும் அம்மா, "இறங்கி அடியில பாருங்க, சூடு ஆறறதுக்குள்ள" என்பாள். அப்பா சாக்கை விரித்து டார்ச்சோடு காருக்கு அடியில் போவார். அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போவாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து உட்காருவாள். அப்பா எண்ணெய்க் கன்னத்தோடு எழுந்து வருவார்.

நான் மறைக்கவில்லை. எனக்குப் பொய் வராது. அதனால் என்னிடம் யாரும் ரகசியம் சொல்வதும் இல்லை. முதல் நாளே சொன்னேன்.

"அப்பா, அம்மா எல்லா வீட்டுக்குள்ளயும் போயிட்டு வரா."

"ஷ்! சத்தம் போடாதே. கேக்க விடு."

கேட்பதற்கென்றே லீவு போட்ட மனுஷன். நான் சொன்னதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டார்.

தினமும் ஏழு வீடு முடிந்ததும் கடைசியில் லேப். அம்மா அங்கேயே இறங்கிக்கொள்வாள். திரும்பி வரும்போது அப்பா ஓட்டுவார். லேப் வாசலிலேயே நோட்டின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதுவார். ஒரு பிரதி போதாது என்று அவரே சொன்னார்.

"உங்க லேப்புல ஜெராக்ஸ் மிஷின் இருக்கே? தினமும் ஒரு நகல் எடுத்து அங்கேயே பத்திரமா வை."

"நீங்க சொன்னா சரிங்க" என்றாள் அம்மா. இவ்வளவு பணிவை நான் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை 'ஷாக் அப்சார்பர்' என்று தீர்ப்பு. செவ்வாய்க்கிழமை அதைத் திருத்தி 'அச்சு' என்றார். புதன்கிழமை ஒரு சத்தத்தைக் கண்டேபிடித்துவிட்டார். சாக்கில் குந்தும்போது 'டக்' என்றது. மறுபடி குந்தினார், 'டக்'. எழுந்தார், 'டக்'. அது அவருடைய முழங்கால்.

சத்தம் வந்தது பின்பக்கம். அப்பா தேடியது அவருக்குப் பெயர் தெரிந்த பாகங்களில் மட்டும்.

வியாழக்கிழமை டிக்கிக்குள் படுத்தார். மூடியைக் கயிறு போட்டு அரைவாசி கட்டிக்கொண்டார். இரண்டு கால் மட்டும் வெளியே. எதிர்வீட்டு மாமா பால் பாக்கெட்டோடு வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன சார், வண்டி வாங்கினவங்க முன்னாடி உக்காருவாங்க. நீங்க மூட்டை மாதிரி போறீங்க?"

"ஆராய்ச்சி!" என்றது டிக்கி.

"வீட்டம்மா ஓட்டறாங்க போல?"

"நான்தான் ஓட்ட வெச்சிருக்கேன்!"

"அது தெரியுது சார்" என்றார் மாமா, அந்த இரண்டு காலைப் பார்த்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை அம்மா ஒரு நீலப் பெட்டியை நீட்டினாள். நான்கு நாளாக என் காலடியில் இருந்த பெட்டி. "இது அங்க இங்க நகருதுங்க. இதுவும் சத்தம் போட்டா உங்க கணக்கு தப்பாயிடும். மடியில வெச்சுக்கோங்க."

அப்பா வாங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "என்ன இது, இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"கெட்டுப்போகக் கூடாத சாமான்."

அம்மா ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. லேப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெட்டியில் ஏழு வீட்டு ரத்தம் சேர்ந்துவிடும். அப்பா அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, "எழுது, குலுக்கல் இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை லேப்பில் அரை மணி நேர வேலைதான். அம்மாவே வீடுவரை ஓட்டி வந்தாள். அப்பாவுக்குக் கடைசி நாள். முகத்தில் ரத்தமே இல்லை. வீட்டு வாசலில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து படுத்தவர் திடீரென்று கத்தினார்.

"கண்டுபிடிச்சுட்டேன்! சீட்டு போல்ட்! லூசா இருக்கு!"

இரண்டு போல்ட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். ஸ்பானர் வழுக்கும்வரை முறுக்கினார். போல்ட்டின் தலையே மழுங்கிப்போயிற்று. அம்மா சாவியை எடுத்தாள்.

"கடைவரைக்கும் போயிட்டு வந்துடறேன். வந்ததும் ஓட்டிப் பாக்கலாம்."

அரை மணி நேரம் கழித்து வந்தாள். அப்பா பின்சீட்டில் ஏறினார். வேகத்தடை ஒன்று. சத்தம் இல்லை. இரண்டு. இல்லை. ஏழு வேகத்தடை ஏறி இறங்கினோம். கார் ஊமையாகிவிட்டது.

அப்பா தெருவில் இறங்கி எதிர்வீட்டு மாமாவிடம் சொன்னார். மாமா வீட்டு மாமியிடமும் சொன்னார். விட்டிருந்தால் மின்கம்பத்திடமும் சொல்லியிருப்பார். அந்த நேரம் பார்த்து ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றார். வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு ஃபைல். லேப்பை நடத்துகிற டாக்டர்.

"சார், உங்களைப் பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன். இருபது வருஷத்துல இப்படி ஒரு ரிப்போர்ட்டை நான் பாத்ததில்ல."

"எந்த ரிப்போர்ட்?"

ஃபைலைத் திறந்தார். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அப்பாவின் கையெழுத்து. நாற்பத்திரண்டு நிறுத்தம். நாற்பத்திரண்டிலும் நேரம், இடம். நாற்பத்திரண்டிலும் 'ஓட்டியவர்: மனைவி. குலுக்கல்: இல்லை.'

"நேரம் ஒரு நிமிஷம் தவறல. சாம்பிள் ஒண்ணுகூடக் கெடல. சத்தம்னு ஒரு பத்தி போட்டிருக்கீங்க, அது மட்டும் எனக்குப் புரியல. பரவாயில்ல. பெண்டாட்டி நல்லா ஓட்டறான்னு நாற்பத்திரண்டு தடவை எழுதிக் கையெழுத்துப் போட எந்த வீட்டுக்காரருக்கு சார் மனசு வரும்? என் வீட்டுக்காரர் ஒரு தடவை வாயால சொல்ல மாட்டார்."

அப்பா ஃபைலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கவில்லை. செருப்பு வார் தடம் பதிந்த வெறுங்காலை ஒன்றின்மேல் ஒன்று வைத்து நின்றாள். அப்பா அந்தக் காலையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

'இதெல்லாம் எனக்குத் தெரியாது' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வேலை போயிருக்கும்.

"இருக்கறதைத்தானே எழுதினேன் டாக்டர்" என்றார். "எழுதினது எழுதினதுதான்."

"வண்டியைத் தர்றதா இங்க ஒரு கையெழுத்து."

கையெழுத்துக் கேட்டால் அப்பாவால் மறுக்க முடியாது. பேனாவை அவரே எடுத்தார்.

டாக்டர் போனபிறகு அப்பா கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ அந்தச் சத்தம்?" என்றார் அப்பா.

"சைலன்சரைத் தொங்கவிடற ரப்பர் அறுந்திருந்ததுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலமே மெக்கானிக் போன்ல சொல்லிட்டார். ஒரு வாரம் ஓட்டலாம், ஒண்ணும் ஆகாதுன்னும் சொன்னார். இப்பத்தான் மாட்டிட்டு வந்தேன்."

"அப்போ நான் முறுக்கின போல்ட்?"

"அது சீட்டு போல்ட்."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. உனக்கு வேலை இல்ல. வண்டி எனக்கு" என்று சாவியைப் பறித்துக்கொண்டு போனார். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே விட்டார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ள நெம்புகோலை இழுத்தார். நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அம்மாவின் உயரத்துக்கு நின்ற சீட்டு, அவர் முறுக்கின முறுக்கில் அங்கேயே உறைந்துபோயிருந்தது. மற்ற காலும் தொப்பையும் வெளியே நின்றன.

இறங்கி வந்தார். சாவியை மேசைமேல் வைத்தார். குரலை ரொம்பத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்பவாவது ஒரு நாள், நானும் வண்டியில வரலாமா?"

"தாராளமா" என்றாள் அம்மா. "ஏதாவது சத்தம் கேட்டா கூப்பிடறேன்."