கிஷாந்துக்கு முதல் ஐந்தில் இடம் கேட்டு உட்கார்ந்த கதை

நோர்வூட்,
ஞாயிற்றுக்கிழமை.

தோஹாவில் வேலையிலிருக்கும் சின்னத்தம்பி பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகன் தனுஷன் வணக்கம் சொல்லி எழுதுவது. உங்கள் உடம்பையும் வேலையையும் மாரியம்மா பார்த்துக்கொள்வாள் என்று எழுதச் சொன்னார் அம்மா. எழுதிவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம். பெரியம்மா நன்றாகச் சாப்பிடுகிறார், ஆனால் சாப்பிடும்போதும் கிஷாந்தின் கோச்சைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவதால் அது உடம்பில் ஒட்டுகிறதா என்று தெரியவில்லை. மழை விடவில்லை.

நாலு பேர் போன் பண்ணி நாலு விதமாகச் சொல்கிறார்கள், நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பு, வெள்ளிக்கிழமைக்குள் விசா ஏஜென்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்கள் கேம்பில் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். அதனால் கடிதம். பக்கத்து லயத்து வீட்டு அண்ணன் நாளை மறுநாள் அங்கே பறக்கிறார், அவர் கையில் வரும். இந்த வேலையை ஏன் என்னிடம் கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். உயர்தரப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு வேறு என்ன வேலை. சரிதான். பாஹிம் நானாவின் போன் கடையில் உடைந்த ஸ்கிரீன் மாற்றுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் எனக்குச் சும்மாதான் கிடக்கிறது.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் ஒருதடவை சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வராது. கண்டி மகாவலி ஹோக்ஸ் பாஸ்கட்போல் டீம் பிரீசீசன் கேம்புக்குப் பதினைந்து பேரை எடுத்தது. சீசன் தொடங்கும்போது பன்னிரண்டு பேரைத்தான் வைத்திருப்பார்கள். பதினோரு இடம் பழைய ஆட்களுக்கு. மிச்சம் இருக்கிற ஒரு இடத்துக்கு உங்கள் மகன் கிஷாந்தையும் சேர்த்து நாலு சின்னப் பையன்கள். இடம் கிடைத்தால் அவன் சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரன். கிடைக்காவிட்டால் உங்கள் கம்பெனியில் செக்யூரிட்டி, விசா தயார். பந்து அல்லது தோஹா. இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் ஊரே இரண்டாகப் போனது.

போன மாதம் வரை இங்கே கிஷாந்தை விட்டால் ஒருத்தருக்கும் பாஸ்கட்போல் தெரியாது. கிரிக்கெட், அதை விட்டால் கோயில் கிரவுண்டில் வொலிபோல். கிஷாந்தைக் கேம்புக்கு எடுத்தார்கள் என்றதும் பாஹிம் நானாவின் கடையில் பின்னேரம் ஆனால் இருபது கோச் நிற்கிறார்கள். அமெரிக்கா வீடியோவெல்லாம் பார்க்கிறவர் என்பதால் நானா ஒரு கட்சிக்குத் தலைவர். பழைய ஆள் ருவன்தான் முதலில் இறங்க வேண்டும், கிஷாந்த் பெஞ்சிலிருந்து பிறகு வர வேண்டும் என்பது அவர் கட்சி. தேயிலைத் தோட்டத்து யூனியன் தலைவர் மாயாண்டி மாமா அடுத்த கட்சி. கிஷாந்த் முதல் ஐந்து பேரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அநியாயம் என்பது அவர் கட்சி. கொழுந்து லொறி ஓட்டுகிற அழகன் அண்ணன், யார் டீ வாங்கிக் கொடுக்கிறார்களோ அந்தக் கட்சி. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி, கூடைக்குக் கீழே நின்று போட்டால் இரண்டு புள்ளி என்று நானா விளக்கிய அன்றைக்கு அழகன் அண்ணன்தான் முதலில் கோபப்பட்டார்.

“எட்ட நின்னு எறியிறவனுக்கு மூணு, கிட்டப் போயி மல்லுக்கட்டுறவனுக்கு ரெண்டா? இது எந்த ஊரு ஞாயம் நானா?”

“ஆட்டத்துட சட்டம் அப்பிடித்தான் அழகன். தூரம் கஷ்டம்.”

“கஷ்டமா? இடி வாங்குறது நம்ம பயதானே,” என்றார் மாயாண்டி மாமா. “சரி, இந்த பிரீசீசன்னா என்ன? அதச் சொல்லுங்க மொதல்ல.”

“சீசனுக்கு முந்தி ஆடுறது. புள்ளி கணக்கில வராது. யாரு சரிவருவான்னு கோச் பாக்குறாரு.”

“கணக்குல வராத வேலைக்கு எதுக்குப் புள்ளைங்கள எறக்குறாங்க? நம்ம தோட்டத்துத் தொரை ஒருநாள் இப்படிக் கணக்குல வராம ஆள நிப்பாட்டிப் பாக்கட்டும், தெரியும் சங்கதி.”

இந்த அளவில் விவாதம் போய்க்கொண்டிருந்தபோது முதல் பயிற்சிப் போட்டி வந்தது. கண்டியில் நடந்தது, பேஸ்புக்கில் காட்டினார்கள், நானா கடை டீவியில் போட்டார். பெரியம்மா கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு இடுப்பில் கட்டின படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நேரே வந்து முன்னால் உட்கார்ந்தார். ஒலிபெருக்கியில் ஐந்து பேரின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தராகக் கை தட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். கிஷாந்தின் பேர் வரவில்லை. பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பேரு கூப்புடலயேடா.”

“பொறவு எறக்குவாங்க அக்கா,” என்றார் நானா.

“பொறவு எப்படி எறக்குவாங்க? இருவத்தஞ்சு வருசமா பெரட்டுக்குப் போறேன். காலையில பேரு கூப்புடலைன்னா அன்னைக்கு வேலையில்ல, லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். லேட்டாப் போயிருப்பான். அவனுக்கு எங்க காலையில எந்திரிக்க வருது.”

நானா எவ்வளவோ விளக்கினார். பெரட்டு வேறு, இது வேறு என்றார். ஆட்டம் நடக்கும்போதே ஆள் மாற்றலாம், எத்தனை முறையும் மாற்றலாம் என்றார். பெரியம்மா கேட்கவில்லை, கிஷாந்தின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது கால் பகுதியில் கிஷாந்த் உண்மையாகவே இறங்கினான், இரண்டு முறை கூடையில் போட்டான், கடை முழுக்கச் சத்தம். பெரியம்மா மட்டும் பயந்துபோனார்.

“பேரு கூப்புடாம உள்ள போயிருக்கான் பாருங்க. யாராச்சும் பாத்தா என்னா ஆகும்?”

கொஞ்ச நேரத்தில் கோச் அவனைத் திரும்ப உட்கார வைத்தார். அத்துடன் பெரியம்மா சொன்னது சரி என்று பாதிக் கடை முடிவு செய்துவிட்டது. மாயாண்டி மாமா எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் அது பேச்சு இல்லை, தீர்மானம். “ஒரு புள்ளய வரச் சொல்லி, உடுப்பு மாத்தச் சொல்லி, பேரு கூப்புடாம பெஞ்சில உக்கார வெச்சிருக்கான். நடுவுல கொஞ்ச நேரம் வேல வாங்கிக்கிட்டு மறுபடி உக்கார வெச்சிருக்கான். இது அரைநாள் கூலிப் பேருக்குக்கூடக் காணாது. அடுத்த மேட்ச் ஹட்டன்லதானே? பாத்துக்குவோம்.”

என்ன பார்த்துக்கொள்வோம் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கும் ஒரு நாள் நோர்வூட்டை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது.

ஹட்டனுக்கு அழகன் அண்ணனின் லொறியில் போனோம். நாற்பது பேர் இருக்கும். நானாவும் வந்தார், கடையை மூடிவிட்டு, எதிர்க்கட்சியாக. மழைக்குத் தார்ப்பாய் கட்டியிருந்ததால் உள்ளே இருட்டு, அந்த இருட்டில் யார் பாடினார்கள், யார் வாந்தி எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஹோலுக்குள் போய் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தோம். ஐந்து பேரின் பேரைக் கூப்பிட்டார்கள். இந்த முறையும் ருவன்தான், கிஷாந்த் இல்லை. மாயாண்டி மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். அதுதான் அடையாளமாம். நாற்பது பேரும் படியில் இறங்கிப் போய் மைதானத்தின் நடுவில், அந்த வட்டத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். செருப்பை மட்டும் கோட்டுக்கு வெளியே கழற்றி வைத்தார்கள், பலகைத் தரை பளபள என்று இருந்ததால். நான் உட்காரவில்லை என்று சொல்ல ஆசைதான். ஓரமாக உட்கார்ந்தேன்.

கோச் ஜயவீர சேர் வந்து, “மொகத மே?” என்று சிங்களத்தில் என்ன இது என்றார். மாயாண்டி மாமா எழுந்து, “அபே கொல்லாகே நம நே சேர்,” என்றார். எங்கள் பையனின் பேர் இல்லை என்று சொன்னார். இருபது வருஷமாகத் துரைமாரிடம் பேசுகிற அதே குரல். கோச் நடுவரைப் பார்த்தார், நடுவர் எதிரணிக் கோச்சைப் பார்த்தார், எல்லோரும் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். கிஷாந்த் துவாயைத் தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தான். அந்த உயரத்துக்குத் துவாயால் ஒன்றும் மறையாது. கடைசியில் கோச் “ஹரி”, சரி என்று ஒரே வார்த்தை சொன்னார். ருவன் சிரித்துக்கொண்டே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். பெரியம்மாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பேச்சுவார்த்தை வெற்றி என்றார் மாமா.

வெற்றி அவ்வளவு நேரம்தான். எதிரணியில் ஒரு செர்பியாக்காரர் இருந்தார். கதவு மாதிரி ஆள். கோச்சின் திட்டம் என்னவென்று நானா முதல் நாளே சொல்லியிருந்தார். அந்தக் கதவை ருவன் முதலில் களைக்க வைப்பார், களைத்த பிறகு கிஷாந்த் வருவான். இப்போது களைக்காத கதவுக்கு முன்னால் கிஷாந்த். முதல் பந்திலேயே இடித்தான், ஒரு ஃபவுல். கையைப் பிடித்து இழுத்தான், இரண்டு. மூன்றாவதில் இரண்டு பேரும் விழுந்து எங்கள் செருப்புக்கு மேல் போய்க் கிடந்தார்கள். நாலாவது எனக்குச் சரியாகத் தெரியவில்லை, முன்னால் நின்றவர்கள் மறைத்துவிட்டார்கள். ஐந்தாவதில் விசில் ஊதி ஆளை வெளியே அனுப்பிவிட்டார்கள், முதல் கால் பகுதிகூட முடியவில்லை. ஐந்து ஃபவுல் ஆனால் அன்றைக்கு ஆட முடியாது. மாயாண்டி மாமா மறுபடியும் இறங்கிவிட்டார்.

“என்னா குத்தம்? குத்தப் பத்திரம் குடுத்தீங்களா? விசாரண வெச்சீங்களா? விசாரண இல்லாம ஆள வேலைய விட்டு நிப்பாட்ட ஏலாது.”

“மாயாண்டி அண்ணே, அஞ்சு வாட்டியும் அவரு கையக் காட்டினாரே. அதுதான் எச்சரிக்க,” என்றார் நானா.

“கையக் காட்டுனா எச்சரிக்கையா? எழுத்துல இருக்கா?”

“எழுத்திலயும் இரிக்கி. அந்தா மேசையில எழுதுறாங்க.”

“அவன்கிட்ட கையெழுத்து வாங்குனாங்களா?”

நடுவர் பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் பதில் இருந்திருக்காது. எங்களை வெளியே போகச் சொன்னார்கள், போனோம். டீம் தோற்றது. திரும்பி வரும்போது லொறியில் ஒருத்தரும் பாடவில்லை. நானா பாவம் பார்த்து, நான் அப்பவே சொன்னேன் என்பதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

கிஷாந்த் அடுத்த நாள் லீவில் வீட்டுக்கு வந்தான். மாமா வந்து வாசலில் நின்று, “தம்பி, போராட்டம்னா முன்னப் பின்னத்தான் இருக்கும்,” என்றார். கிஷாந்த் உள்ளே போனான். அவன் வைத்திருந்த பழைய பந்தின் காற்றை இறக்கி, மடித்து, அலுமாரிக்கு மேல் வைத்தான். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். பிறகு வந்து என்னிடம் சொன்னார்: “அவங்க அப்பாகிட்டயே போயிரட்டும்னு எழுதிரு. அங்கயாச்சும் பேரு கூப்புடுவாங்க.” தோஹாவுக்குப் போறியா என்று கிஷாந்திடம் கேட்டேன். “போறேன்,” என்றான். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

ஆகவே பெரியப்பா, ஏஜென்டிடம் சரி என்று சொல்லிவிடுங்கள். கோச் மன்னிப்பார் என்று இங்கே ஒருத்தரும் நினைக்கவில்லை. மாமாவும் நானாவும் ஒரே கருத்தில் இருப்பது இதுதான் முதல் தடவை. அவனுக்கு அங்கே நீட்டிப் படுக்க ஒரு கட்டில் பார்த்து வையுங்கள்.

உங்கள் வேலைக்கும் உடம்புக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று பெரியம்மா, அம்மா, மாயாண்டி மாமா எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். பாஹிம் நானா தனியாக துஆ செய்கிறாராம், சேர்த்து எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
தம்பி மகன்
தனுஷன்

பி.கு: மேலே எழுதிய எதையும் ஏஜென்டிடம் சொல்ல வேண்டாம். இன்று திங்கட்கிழமை காலை கோச் கடை போனுக்கே எடுத்தார். கிஷாந்த் பன்னிரண்டில் இருக்கிறான். நானா ஸ்பீக்கரில் போட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னார். கேம்பில் ஆறு வாரமாக இவன் ஒருத்தரையும் தொடவே இல்லையாம். பெரிய ஆள் எதிரே வந்தால் “சொறி சேர்” என்று வழி விடுவானாம், ருவன் கேட்டால் கையிலிருக்கிற பந்தையே கொடுத்துவிடுவானாம். இவ்வளவு மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டுக்கு அனுப்பத்தான் இருந்தாராம். ஹட்டனில் வெட்கத்தில் அந்த ஐந்து ஃபவுலையும் செய்தான் பாருங்கள், அதைத்தான் இவ்வளவு நாளும் எதிர்பார்த்தாராம். கிஷாந்த் பந்துக்குக் காற்றடிக்கப் போயிருக்கிறான். மாமா இது போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்று தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போகிறார், யாரும் மறுக்க முடியவில்லை.

விசா வீணாகப் போகிறதே என்று யோசிக்காதீர்கள். நான் வருகிறேன். பாஸ்போர்ட் எடுத்து ரொம்ப நாளாகிறது, அம்மாவுக்குத் தெரியாது. செக்யூரிட்டிக்குக் கிஷாந்த் மாதிரி உயரம் பார்ப்பார்கள் என்றால், உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.