அங்கீகரிக்கப்பட்ட பாவம்

பாவம் செய்யாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பள்ளிகள் உலகத்தில் எத்தனையோ உண்டு. செய்த பாவத்தை இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலத்தில் அறிக்கையிடச் சொல்லிக் கொடுத்த முதல் பள்ளி என்ற பெருமை, நம் கதையில் வரும் கிறிஸ்தவ நடுநிலைப் பள்ளியையே சாரும். இதை யாரும் மறுக்க முடியாது. மறுத்தால் பள்ளியின் தாளாளர் ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார், அதற்குப் பயந்தே யாரும் மறுப்பதில்லை.

ஒரு காலத்தில் அங்கே வேதபாடத்துக்கு ஒரு டீச்சர், ஆங்கிலத்துக்கு ஒரு டீச்சர் என்று ஊதாரித்தனமாக இரண்டு பேர் இருந்தார்கள். ஆங்கில டீச்சர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் ஹெட்மாஸ்டர் ஒரு வாரம் உருக்கமாக ஜெபித்தார். விளம்பரம் கொடுப்பதைவிட அது சிக்கனம். ஜெபத்தின் முடிவில் அவருக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது: இரண்டு பாடத்தையும் ஒன்றாக்கி வேதபாட டீச்சர் தலையிலேயே கட்டிவிடலாம். இதற்கு 'ஒருங்கிணைந்த ஆத்தும மற்றும் ஆங்கில வளர்ச்சித் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் கால அட்டவணையின் கட்டத்துக்குள் அடங்கவில்லை. அதனால் பக்கத்தில் இருந்த விளையாட்டு பீரியடையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

டீச்சர் வாயில்லாப் பூச்சி. ஆறு வருஷமாகத் 'தற்காலிகம்'. தற்காலிக டீச்சருக்கு ஸ்டாஃப் ரூமில் கைப்பிடி இல்லாத நாற்காலி. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தால் அந்த வேலைக்கு இன்னொருத்தி கிடைப்பாளா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவள் சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கணவர் பேப்பரை இறக்கிவிட்டுக் கேட்பார்: "பெர்மனென்ட் என்னாச்சு?"

"பேசிட்டிருக்காங்க."

"பேசட்டும், பேசட்டும். நீ மட்டும் எதுவும் பேசிடாதே."

அந்தக் குடும்பத்தின் மாலை ஜெபம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

இப்படியிருக்க, ஒரு நாள் தலைமை மிஷன் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் அவர் மனது வைத்தால் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளி ஆகிவிடும். அவரை உருக வைக்க ஹெட்மாஸ்டர் ஒரு திட்டம் சொன்னார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, தாங்கள் செய்த ஒரு பாவத்தை அம்மையார் முன்னிலையில் ஆங்கிலத்தில் அறிக்கையிடுவார்கள். வேதமும் ஆச்சு, ஆங்கிலமும் ஆச்சு.

எந்தப் பாவம் என்று முடிவு செய்ய நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. பிஸ்கட் வந்தது. டீச்சரும் ஓரமாக உட்கார அனுமதிக்கப்பட்டாள்.

"திருட்டு எப்படி?" என்று ஆரம்பித்தார் பொருளாளர்.

"வேணாம்," என்றார் தாளாளர். "வகுப்பு மொத்தமும் வரிசையா நின்னு திருடினேன், திருடினேன்னு சொன்னா அந்தம்மா ஹேண்ட்பேக்கை எடுத்து மடியில வச்சுக்குவாங்க."

"பொய்?"

"பொய் சொன்னேன்னு சொல்ற பிள்ளை இப்ப மட்டும் நிஜம் சொல்லுதுன்னு எப்படி நம்புவாங்க?"

"பெத்தவங்களுக்குக் கீழ்ப்படியாதது?"

"பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க. அதுவும் போக, அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை ரொம்பப் பெருசு. ஏழாம் வகுப்பு தாங்காது."

கொலை முதலான பாவங்கள் வயது வரம்பை முன்னிட்டுத் தள்ளுபடி ஆயின. கடைசியில் பொறாமை மிஞ்சியது. பொறாமை ஒரு மரியாதையான பாவம், வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு செய்யலாம் என்று எல்லாருக்கும் திருப்தி. யார்மேல் பொறாமை என்று கேட்டதற்கு, பக்கத்துப் பிள்ளையின் பென்சில் பாக்ஸ்மேல் என்றார் ஹெட்மாஸ்டர்.

"தகர பாக்ஸா, பிளாஸ்டிக்கா?"

"அது பிள்ளைங்க இஷ்டம்."

"இஷ்டத்துக்கு விடக்கூடாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். யூனிஃபார்ம்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கோம்?"

டீச்சர் தொண்டையைச் செருமினாள். "ஐயா, பிள்ளைங்களுக்குச் சொந்தமா ஏதாவது இருக்கும். அதையே சொல்லவிட்டா என்ன?"

தாளாளர் அவளைப் பரிவோடு பார்த்தார். "சொந்தப் பாவத்துல கிராமர் மிஸ்டேக் வரும்மா."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கட்டுப்பாடுள்ள நிறுவனம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். மறுநாளிலிருந்து ஏழாம் வகுப்பில் 'அங்கீகரிக்கப்பட்ட பாவம்' காலையும் மாலையும் ஒலித்தது: "ஐ வாஸ் ஜெலஸ் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் பென்சில் பாக்ஸ்." பிள்ளைகள் அந்தப் பாவத்தில் நல்ல தேர்ச்சி பெற்றார்கள். ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினாள். ஜன்னலோர பெஞ்சிலேயே எப்போதும் உட்காருவதால் வகுப்பில் அவளுக்கு 'ஜன்னல்' என்றே பெயர்.

"டீச்சர், என்கிட்ட பென்சில் பாக்ஸே இல்ல. பக்கத்துல இருக்கறவகிட்டயும் இல்ல."

"இருக்கறதா நினைச்சுக்கோ."

"நினைச்சுக்கிட்டு அதுமேல பொறாமைப்படணுமா டீச்சர்?"

"ஆமா. உட்காரு."

இதற்கிடையில் அம்மையார் திறந்து வைப்பதற்காகப் பத்துக் கட்டளைகளைப் பளிங்குக் கல்லில் பொறித்துக் கொண்டுவந்து, போர்ட்டிகோ சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழில் பொறித்தால் படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும் அபாயம் இருக்கிறதல்லவா? ஒரு நாள் காலையில், ஏழாம் வகுப்பில் ஆத்தும ஆங்கிலம் நடந்துகொண்டிருந்தபோது, தாளாளர் காரைப் பின்னால் எடுத்தார். சாதாரண மனிதர்கள் கட்டளைகளை ஒவ்வொன்றாக, வருஷக்கணக்கில் மீறுவார்கள். தாளாளர் ஒரே ரிவர்ஸில் பத்தையும் முடித்துவிட்டார்.

சத்தம் கேட்டு டீச்சர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். தாளாளர் இறங்கினார். துண்டு துண்டாகக் கிடந்த கல்லைப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், கைக்குட்டையால் காரின் பின்பக்கத்தைத் துடைத்தார், ஏறிப் போய்விட்டார். டீச்சர் பார்வையைத் திருப்பியபோது, ஜன்னலோர பெஞ்சிலிருந்து இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அங்க என்ன வேடிக்கை? போர்டைப் பாரு," என்றாள் டீச்சர். போர்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

உடனே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. நடுநிலைமை கருதித் தாளாளரே தலைமை தாங்கினார். அந்த நேரத்தில் போர்ட்டிகோ பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தவள் ஆயாம்மா. அவளையும் அவள் துடைப்பத்தையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"ஐயா, தொடப்பக்குச்சி பட்டுக் கல்லு உடையுமாய்யா?"

"அதைத்தானே விசாரிச்சிட்டிருக்கோம்," என்றார் தாளாளர் பொறுமையாக.

உடையும் என்று குழு கண்டுபிடித்தது. விஞ்ஞானம் இதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அது விஞ்ஞானத்தின் குறை. ஆயாம்மாவை வேலையிலிருந்து நீக்கவில்லை. 'மனந்திரும்பும்வரை வீட்டில் இருக்கும்படி' அன்போடு கேட்டுக்கொண்டார்கள். மனந்திரும்பும் காலத்துக்குச் சம்பளம் கிடையாது.

போகிற வழியில் ஆயாம்மா ஏழாம் வகுப்பு வாசலில் நின்றாள். "டீச்சரம்மா, உங்க கிளாஸ் ஜன்னல் அந்தப் பக்கம்தானே பாத்திருக்கு?"

டீச்சர் மேஜையிலிருந்து சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நான் போர்டுல எழுதிட்டிருந்தேன் ஆயாம்மா."

"சரிம்மா. நீங்க பாத்திருந்தா சொல்லாமலா இருப்பீங்க," என்று ஆயாம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். டீச்சருக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் வாயைத் திறந்தாள். கணவர் பேப்பரை மடித்தே வைத்துவிட்டார். விஷயம் அவ்வளவு பெரிது.

"ஆர்டர் டைப் ஆயிடுச்சுன்னு ஹெட்மாஸ்டரே சொன்னார் இல்ல? அந்தம்மா வந்துட்டுப் போனதும் கையெழுத்தாகிடும். அதுவரைக்கும் கண்ணையும் வாயையும் மூடிட்டு இரு. பெர்மனென்ட் ஆனப்புறம் நியாயம் பேசு, யார் வேணாங்கறா?"

"ஆயாம்மா வீட்டுல அடுப்பு எரியணுமே."

"நம்ம வீட்டுலயும்தான் எரியணும்."

பெர்மனென்ட் ஆனதும் முதல் வேலையாக ஆயாம்மா விஷயத்தைப் பேசிவிட வேண்டும் என்று டீச்சர் உறுதியாக முடிவெடுத்தாள். உண்மையை விற்கவில்லை, தள்ளிப்போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். நிரந்தர ஊழியர்களின் உண்மைக்கு ஒரு கனம் உண்டு; தற்காலிக ஊழியர்களின் உண்மை காற்றில் பறந்துவிடும். இதை யோசித்துக்கொண்டே படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை என்றாலும், அவள் வாதத்தில் ஒரு ஓட்டையும் இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அம்மையார் வந்தார். மாலை, வரவேற்புப் பாட்டு, பிஸ்கட் எல்லாம் முறைப்படி நடந்தன. உடைந்த கல் இருந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்திருந்தார்கள். ஹாலில் ஏழாம் வகுப்பு ஒவ்வொருவராக எழுந்து பென்சில் பாக்ஸ்மேல் பொறாமைப்பட்டதை அறிக்கையிட்டது. ஐந்தாவது பிள்ளையின்போது அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்தாவது பிள்ளையின்போது வாட்சைப் பார்த்தார். ஜன்னலின் முறை வந்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"இந்த ஊரில் பென்சில் பாக்ஸ் இவ்வளவு பெரிய சோதனை என்று எனக்குத் தெரியாது," என்றார் ஆங்கிலத்தில். பிறகு ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார். "நீ உன் சொந்த மொழியிலேயே சொல்லு குழந்தை. மனதில் இருப்பதைச் சொல்லு. உங்கள் டீச்சர் எனக்கு மொழிபெயர்ப்பார்."

திட்டத்தில் இதற்கு இடமே இல்லை. ஹெட்மாஸ்டர் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். ஜன்னல் எழுந்து நின்று டீச்சரைப் பார்த்தாள். சொல்லு என்றோ வேண்டாம் என்றோ டீச்சரின் முகத்தில் ஒன்றும் இல்லை. பிள்ளை தானாகவே ஆரம்பித்தாள்.

"தாளாளர் ஐயா கார் பின்னாடி வந்து கட்டளைக் கல்லுமேல இடிச்சுது. நான் பாத்தேன். ஆனா ஆயாம்மாதான் உடைச்சாங்கன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆயாம்மா எனக்குக் காய்ச்சல் வந்தப்ப வீடுவரைக்கும் தூக்கிட்டு வந்தவங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. டீச்சரும் பாத்தாங்க. டீச்சர் சொல்லிடுவாங்கன்னு நினைச்சு நான் சும்மா இருந்துட்டேன். அதான் நான் பண்ண பாவம்."

ஹாலில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது, அம்மையார் ஒருவரைத் தவிர. தாளாளர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். ஹெட்மாஸ்டரின் கை, ஆர்டர் இருந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது.

டீச்சர் எழுந்தாள். சொல்லிவிடலாம், நாலே வாக்கியம். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள் என்று அவள் பின்னாளில் பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுண்டு.

"இந்தக் குழந்தை," என்று அழகான ஆங்கிலத்தில் தொடங்கினாள், "தன் தோழியின் பென்சில் பாக்ஸ்மேல் பொறாமைப்பட்டதாகச் சொல்கிறாள்."

அம்மையார் புருவத்தை உயர்த்தினார். "நிறையப் பேசினாளே?"

"எங்கள் மொழி கொஞ்சம் நீளம்."

"கார் என்று ஏதோ காதில் விழுந்தது."

"பென்சில் பாக்ஸில் கார் படம் போட்டிருந்ததாம்."

"டீச்சர் என்றும் சொன்னாளே?"

"நல்ல வழி காட்டியதற்காக டீச்சருக்கு நன்றி சொல்கிறாள்."

அம்மையார் உருகிப் போனார். இத்தனை வருஷ ஊழியத்தில் இப்படிப்பட்ட ஓர் ஆசிரியையைப் பார்த்ததில்லை என்று மேடையிலேயே சொன்னார். பள்ளியை உயர்த்தப் பரிந்துரை செய்தார். தாளாளர் தம் கையாலேயே நிரந்தரப் பணி ஆணையை டீச்சரிடம் கொடுத்து, "மொழிபெயர்ப்பு ஒரு வரம்மா, எல்லாருக்கும் வாய்க்காது," என்றார். கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. ஆயாம்மா விஷயத்தைப் பேச அது நல்ல சந்தர்ப்பமாகத் தோன்றவில்லை. அதன் பிறகும் தோன்றவில்லை.

கூட்டம் கலைந்தபின் டீச்சர் ஆணையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். ஜன்னல் தூணோரம் நின்றிருந்தாள். டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளைக் கடிந்துகொள்ளவா, கட்டிக்கொள்ளவா என்று தெரியவில்லை.

"என்னம்மா, இன்னும் போகலையா?"

"போறேன் டீச்சர்." பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நாலடி போய்த் திரும்பினாள். "நீங்க அந்தம்மாகிட்ட இங்கிலீஷ்ல சொன்னது எல்லாமே எனக்குப் புரிஞ்சுது டீச்சர்."

புரியாமல் என்ன செய்யும்? அந்தப் பள்ளியில் ஆங்கிலம் அவ்வளவு நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.