பதினாறடியா, இருபதடியா?

டாரங்கா நகரத்துப் போட்டுக் கடையில் மர்ரே அரை மணி நேரமாக இரண்டு மோட்டார் போட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். இடப்பக்கம் பதினாறடி. வலப்பக்கம் இருபதடி. இரண்டுமே ட்ரெய்லரில் ஏற்றி, காரில் மாட்டி இழுத்துப் போகிற ரகம்.

"நாலு பேருக்குப் பதினாறடி போதும்," என்றான்.

"தாராளமாப் போதும்," என்றாள் மனைவி ரேவின். "கிறிஸ்துமஸுக்கு எங்க அண்ணன் வர்றப்ப மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கலாம்."

அவள் அண்ணன் க்ளைவிடம் இருந்தது பதினெட்டடி. மர்ரே வலப்பக்கம் திரும்பினான்.

"கராஜ் எத்தனை அடி சார்?" என்று விற்பனையாளர் கேட்டார்.

"இருபத்திமூணு. அளந்துட்டுத்தான் வந்திருக்கேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரேவின், கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டுவிட்டாள்.

அன்றே மர்ரே மச்சானுக்குப் போன் போட்டான். "கிறிஸ்துமஸுக்கு நம்ம போட்டுலதான் மீன் பிடிக்கிறோம். ஒன்னோட ஓடத்த வீட்லயே விட்டுட்டு வா!"

ட்ரெய்லரின் மூக்கு போட்டுக்கு முன்னால் மூன்றடி நீண்டது. மோட்டார் பின்னால் இரண்டடி. மர்ரே கணக்குப் போட்டது போட்டை மட்டும். போதாததற்கு, கராஜின் பின்சுவரோரம் வாஷிங் மெஷின் இரண்டடியை அடைத்துக்கொண்டு நின்றது. போட்டின் பின்பக்கம் நாலடி கராஜுக்கு வெளியே நின்றது.

எங்கள் தெருவில் வாசலில் போட்டு நிறுத்தக் கூடாது. அந்த விதியை மீறுகிறவர்கள் மேல் பத்து வருடமாகப் புகார் எழுதி வந்தவன் மர்ரேதான்.

"மெஷின வேணா நகத்திப் பாரேன்," என்றாள் ரேவின் சாதுவாக. கராஜ் குளிரில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு துவைக்க முடியவில்லை, ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்று கட்டலாம் என்று ஒரு காலத்தில் கேட்டவள்தான். "பாக்கலாம்," என்று மர்ரே சொன்னதோடு அந்தப் பேச்சு நின்றுபோயிருந்தது.

மெஷின் குளியலறைக்குப் போனது. குளியலறைக் கதவு மூடவில்லை. மகள் பெத் குளிப்பதற்குப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

இன்னும் இரண்டடி இடித்தது. ட்ரெய்லர் மூக்கு நுழையப் பின்சுவரில் ஓட்டை போட்டான் மர்ரே. வாஷிங் மெஷின் நின்ற சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடும் என்பது ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது.

கணுக்கால் தண்ணீரில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தார் தச்சர் ஹோனே.

"முழுச் சுவரும் போகணும். பின்னால எட்டடி தள்ளிக் கட்டிடலாம். போட்டுக்கும் எடம் வந்துரும், ஓரமா மெஷினுக்கு ஒரு ரூமும் வந்துரும். ஜன்னலோட."

"கிறிஸ்துமஸுக்குள்ள முடியுமா?"

"டிசம்பர் இருபதுக்கு மேல கோடை லீவு, எங்காளுங்க ஒருத்தரும் சுத்தியலத் தொடமாட்டோம். பிப்ரவரி கடைசின்னு வெச்சுக்கங்க."

அதுவரை போட்டை நிறுத்த இடமுள்ள ஒரே ஆள் க்ளைவ். "சும்மா கெடந்தா மோட்டார் கெட்டுரும். லீவுல நாங்க ஓட்டிக்கிட்டே இருக்கோம், நீ கவலப்படாத," என்று பெருந்தன்மையாகச் சொல்லி இழுத்துப் போனான். மர்ரே தெருமுனைவரை பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்தபோது ஹோனே வேனின் மேல் வரைபடத்தை விரித்திருந்தார். மடிப்பெல்லாம் நைந்து, மூலையில் காப்பிக் கறை.

"நீங்க கெட்டிக்காரர்," என்றான் மர்ரே, ஆறுதலுக்கு ஏதாவது வேண்டுமே என்று. "சுவரத் தட்டின ஒடனே ப்ளான் போட்டுட்டீங்களே."

"நான் எங்கண்ணே போட்டேன்? மூணு வருஷமா இது வேன்லதான் கெடக்கு, ரேவின் அக்கா வரைஞ்சு குடுத்தது. போன மாசம்தான் போன் பண்ணி, 'எத்தனை அடி போட்டு வாங்கினா இந்தச் சுவரு போகும்?'னு கேட்டாங்க."