தலைகீழாக மாட்டிய ரோஜா

அன்று காலை மனைவி பாராட்டிவிட்டாள். கிட்டப்பார்வைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கிட்டப்பார்வை என்பது தெரு வைத்த பெயர். மற்றபடி கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பகலெல்லாம் பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களை மோவாயை நிமிர்த்தச் சொல்வது பிழைப்பு. உயிர் இருந்தது எறும்பிலும் ஈயிலும். பூவைக் கண்டால் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்விடுவார். தேனீயின் பின்னங்காலில் ஒட்டிய மகரந்தம், ஈயின் கண்ணில் இருக்கும் கட்டங்கள், சட்டைப் பொத்தானில் பிரிந்து நிற்கும் ஒற்றை நூல், எல்லாம் அவர் லென்ஸுக்குள் வந்தால் யானை அளவு ஆகிவிடும். இருபத்திரண்டு வருஷமாக அவற்றைப் பார்த்து மனைவி செய்த விமர்சனம் ஒன்றே ஒன்றுதான்: "சின்னதா இருக்கிறப்பவே சகிக்கலை. இதைப் போய் எதுக்குப் பெருசு பண்றீங்க?"

அப்படிப்பட்டவள் ஒரு ரோஜாப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

"என்னங்க, இது ரொம்ப நல்லா இருக்குங்க."

"எது?"

"இந்த ரோஜாதான். அது மேல நிக்குதே தண்ணித்துளி, அடடா!"

"உனக்கு உடம்புக்கு ஏதும் இல்லையே?"

"பாராட்டினா வாங்கிக்கத் தெரியணும். இதைப் பெருசா போட்டுக் குடுங்க, கூடத்துல மாட்டலாம்."

"எவ்வளவு பெருசா?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. ஏனென்றால் அவரே ஒரு திருட்டுக் காரியத்தில் இருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டர், உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டார். இனிப்பைத் தொடக்கூடாது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். அன்றைக்கே மனைவி வீட்டுச் சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். மதியம் தட்டில் சுரைக்காய் வந்தது. மறுநாளும் சுரைக்காய். மூன்றாம் நாள் அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சரி, சாப்பிடாதீங்க. நடக்கவாவது போவீங்களா? போனீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பார்க்குல தினம் ஒரு பூவைப் படம் புடிச்சிட்டு வந்து காட்டறேன். போதுமா?"

இந்த யோசனைக்காக அவர் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். கிட்டே போய் எடுத்தால் பூ மட்டும்தான் தெளிவாக விழும். பின்னால் இருப்பதெல்லாம் மங்கிக் கரைந்துவிடும். அது பார்க்கா, பாலைவனமா, பேக்கரியா, யார் கண்டார்கள்?

பேக்கரிதான். பார்க்குக்குப் போகிற வழியில் இரண்டாவது திருப்பம். வாசலில் ரோஜாத் தொட்டிகள், தொட்டியை ஒட்டி ஒரு மேசை. ஸ்டூடியோவிலிருந்து கொண்டுபோன தெளிப்பானால் ஒரு பூவின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி, பனித்துளி தயாரித்து, ஒரு படம் எடுப்பார். அதோடு அன்றைய நடை முடிந்தது. பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிதானமாக இரண்டு கேக். மனைவிக்கு இது தெரிந்தால் காலைக் கேக்கும் போகும், கேமராவும் பீரோவுக்குள் போய்விடும்.

அதனால் அந்த ரோஜாப் படத்தை அவர் பத்து முறை சோதித்தார். இதழின் விளிம்பில் ஓர் எறும்பு. அதன் மீசை கூடத் துல்லியம். பின்னால் வெறும் மங்கல். பயமில்லை. அப்படியானால் இவளுக்கு என்னதான் வேண்டும்? தன் அண்ணனைக் கூட்டி வந்து மாடியில் குடிவைக்கப் பார்க்கிறாளோ?

படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். மாலையில் வந்து பார்த்தால் அது தலைகீழாகத் தொங்கியது. மனைவி அதன் முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, தலைகீழா மாட்டியிருக்கே!"

"எனக்கு இப்படித்தான் நல்லாத் தெரியுது."

"கலையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று அவர் நேராக மாட்டினார். அவள் மறுவார்த்தை பேசவில்லை. மறுவார்த்தை பேசாத மனைவி அவருக்குப் புதிது. சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

மறுநாளிலிருந்து மாலை நான்கு மணிக்கு அவள் வெளியே கிளம்ப ஆரம்பித்தாள். கையில் மூடிபோட்ட தூக்குவாளி.

"எங்கே?"

"தையல் கத்துக்கப் போறேன்."

"தையலுக்கு எதுக்குத் தூக்குவாளி?"

"பசிக்காதா?"

திரும்பி வந்தபோது அவள் தலைமுடியில் வெனிலா வாசனை. முழங்கையில் ஏதோ வெள்ளைத்தூள். தேனீயின் காலில் மகரந்தத்தைக் கண்டுபிடித்தவர் இதை விடுவாரா? அவள் வெங்காயம் உரிக்கும்போது முழங்கைக்கு அரை சாண் தூரத்தில் கேமராவைக் கொண்டுபோனார்.

"என்ன பண்றீங்க?"

"கையில எறும்பு. அசையாதே."

பெரிதாக்கிப் பார்த்தார். தையல்காரர் கோடு போடும் சுண்ணக்கட்டி இப்படி இருக்காது. ஸ்டூடியோவுக்குப் பக்கத்துக் கடை தையல்காரரையே கேட்டுவிட்டார்.

"எங்க வீட்ல உங்ககிட்டத்தானே தையல் கத்துக்கறா, எப்படி?"

"யாரு, உங்க வீட்டம்மாவா? இந்தப் பக்கமே வர்றதில்லையே!"

கிட்டப்பார்வை இடிந்துபோய் ஸ்டூடியோவுக்குத் திரும்பினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. தான் தினம் ஒரு பொய் சொல்வது அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. மறுநாள் காலை துக்கம் தாங்காமல் மூன்றாவது கேக் கேட்டார்.

"வீட்ல ஏதோ நடக்குதுங்க," என்றார் பேக்கரிக்காரரிடம். "எனக்கு மறைச்சு ஏதோ பண்றா."

பேக்கரிக்காரருக்கு இருமல் வந்தது.

"இந்தக் கேக்தான் என்னை உசிரோட வெச்சிருக்கு. போன மாசத்தைவிட இப்ப பிரமாதம். இதைச் செய்யிற கைக்குத் தங்க வளையல் போடணும்! எங்க வீட்லயும் ஒருத்தி இருக்காளே, சுரைக்காயை விட்டா வேற தெரியாது."

"சொல்லிடறேங்க."

"யார்கிட்ட?"

"செய்யிறவங்ககிட்டங்க," என்று சொல்லிவிட்டு அவர் அவசரமாக உள்ளே போய்விட்டார்.

மாதம் முடிந்து ரத்தப் பரிசோதனை வந்தது. மனைவியும் கூடவே வந்தாள். டாக்டர் தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சபாஷ்! நல்லா குறைஞ்சிருக்கு. என்ன பண்ணீங்க?"

"நடைதான் டாக்டர்," என்றார் கிட்டப்பார்வை கூசாமல். தினம் இரண்டு கேக் தின்று சர்க்கரையைக் குறைத்த உலகின் முதல் மனிதன் தானே என்று நினைத்துக்கொண்டார். மனைவி வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

அன்று மாலை ஸ்டூடியோவை அடைத்துவிட்டு வந்தால், கூடத்தில் ரோஜா மறுபடி தலைகீழாகத் தொங்கியது. அலுத்துக்கொண்டே திருப்பப் போனார். பழக்கதோஷத்தில் மூக்கு இடிக்கக் கிட்டே போனார். எறும்பு தலைகீழாக இருந்ததால் கண் முதல்முறையாகத் துளிக்குப் போனது.

துளிக்குள் ஒரு கடை இருந்தது. தண்ணீர்த்துளி தனக்குப் பின்னால் இருப்பதைத் தலைகீழாகத்தான் காட்டும். படத்தையே தலைகீழாக மாட்டினால் அது நேராகிவிடும். சிவப்புப் பலகையில் 'பேக்கரி' என்று கொட்டை எழுத்து. கீழே மேசை. மேசையில் தட்டு. தட்டில் இரண்டு கேக், அதில் ஒன்று அவசரத்தில் படத்துக்கு முன்பே கடித்தது.

அவர் சட்டென்று படத்தை நேராகத் திருப்பினார்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" பின்னால் மனைவி நின்றாள்.

"அன்னிக்கே... உனக்கு..."

"என்னமோ எழுத்து மாதிரி இருந்துச்சு. அதான் பெருசாப் போடச் சொன்னேன். நீங்களே போட்டுக் குடுத்தீங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா வேற கடைக்குப் போவீங்க. எங்கப்பாவைச் சர்க்கரை என்ன பண்ணுச்சுன்னு கூடவே இருந்து பார்த்தவ நான். உங்களையும் அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லைங்க." அவள் படத்தை மறுபடி தலைகீழாகத் திருப்பினாள். "ரிசல்ட் வந்ததும் காட்டிக்கலாம்னு இருந்தேன்."

கிட்டப்பார்வைக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் ஒரு முழம் கௌரவத்தையாவது மிச்சம் பிடிக்கப் பார்த்தார்.

"அது சரி. ஆனா ஒண்ணு சொல்றேன். அந்தக் கேக் மாதிரி உன்னால ஜென்மத்துக்கும் செய்ய முடியாது."

"ஒரு மாசமா சாயங்காலம் அந்தப் பேக்கரிக்காரர் அடுப்புலதான் நின்னேன். உங்க தட்டுக்கு வந்ததெல்லாம் தனிக் கேக். கோதுமைத் தவிடு, ஒரு சொட்டு வெனிலா. சர்க்கரை கிடையாது. மிச்சமெல்லாம் தூக்குவாளியில கொண்டுபோன சுரைக்காய்."

அவள் மாவு படிந்த கையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"கிட்ட வந்து நல்லாப் பார்த்துக்கோங்க. இதுதான் அந்தக் கை. வளையல் எப்போ?"