கரடி வீட்டுத் தொட்டியும் ஓணான் காட்டிய நீரோட்டமும்

ஒரு காட்டில், குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வந்துகொண்டிருந்த காலத்தில், கனகசபை என்றொரு கரடி குடும்பத்தோடு வாழ்ந்துவந்தார். குளிர்தேசத்துக் காடு ஒன்றில் இருபது வருடம் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே பிடித்த பழக்கங்களில் இரண்டை மட்டும் விடவில்லை. ஒன்று, வாராவாரம் நகம் வெட்டிக்கொள்வது. இன்னொன்று, எதற்கெடுத்தாலும் அதற்குரிய நிபுணரைத் தேடுவது. முதுகு அரித்தால்கூட மரத்தில் தேய்த்துக்கொள்ள மாட்டார். முதுகுக்கு யார் நல்ல டாக்டர் என்று நாலு பேரிடம் விசாரிப்பார்.

அவர் வீட்டில் ஒரு விபரீதம் நடந்தது. காலையில் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியும். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனால் குழாய் புஸ்ஸென்று பெருமூச்சு விடும். வீட்டில் இருப்பது அவரும், மனைவி கோமளமும், மகள் மதுரமும்தான். மூன்று கரடிகள் அத்தனை தண்ணீரையும் குடித்திருந்தால் இந்நேரம் மூன்றும் மிதந்திருக்கும்.

கோமளம் ஒரு கரித்துண்டோடு மாடி ஏறினாள். வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடிவிட்டுத் தொட்டியின் உட்சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. பிறகு கொல்லைப் பக்கம் போகும் குழாயின் வால்வை மூடிவிட்டு இன்னொரு கோடு. இந்த முறை தண்ணீர் அசையவில்லை.

"என்னங்க, கொல்லை வழியா சமையலறைக்குப் போற குழாய்தான். பூமிக்குள்ள எங்கேயோ விரிசல் விட்டிருக்கு. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல பாருங்க. காடே காய்ஞ்சு கிடக்கு, அங்கே மட்டும் புல்லு முட்டளவு நிக்குது. நாலடி தோண்டினா தெரிஞ்சிடும்."

"நீ என்ன இன்ஜினீயரா?"

"நீங்க கரடிதானே? தோண்டுங்க."

கனகசபை தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார். நேற்றுதான் வெட்டி, ஓரம் தேய்த்து, தேன்மெழுகு பூசியிருந்தார்.

"அப்போ நானே தோண்டிடறேன்" என்றாள் கோமளம்.

"ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. கொல்லையைக் குண்டும் குழியுமா ஆக்கி வைக்கப் போறியா?"

அதுதான் விஷயம். மதுரத்தைப் பெண் பார்க்க வடக்கு மலையிலிருந்து பொன்னுரங்கக் கரடியின் குடும்பம் வரப்போகிறது. அந்தக் காட்டில் சம்பந்தம் பேசும்போது ஜாதகத்துக்கு முன்னால் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். காரணம், தலைதீபாவளி. மாப்பிள்ளைக் கரடி மாமனார் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். அடர்ந்த ரோமத்தில் இறங்கிய எண்ணெய் வெளியே வரப் பதினெட்டு அண்டா தண்ணீராவது பிடிக்கும். போன வருடம் தெற்குச் சரிவில் ஒரு மாப்பிள்ளை ஏழாவது அண்டாவோடு நிறுத்தப்பட்டு, பொங்கல் வரைக்கும் வழுக்கிக்கொண்டே நடந்தார். அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இது தெரிந்திருந்தும் கனகசபை போனில் சொல்லிவைத்திருந்தார்: "எங்க வீட்டுல தண்ணிக்குக் குறைச்சலே இல்லைங்க!"

புதன்கிழமை அவர் காட்டு நீர் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றார். வியாழக்கிழமை காலையில்தான் ஜன்னல் வந்தது. உள்ளே ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றபடி விண்ணப்பத்தைப் புரட்டியது.

"கசிவோட போட்டோ இணைக்கலையே?"

"கசிவு பூமிக்குள்ள இருக்குங்க. எங்கேன்னு கண்டுபிடிச்சுக் கொடுக்கச் சொல்லித்தான் விண்ணப்பம்."

"இடம் தெரியாம எப்படி சார் கண்டுபிடிக்கிறது? முதல்ல கண்டுபிடிங்க, போட்டோ எடுங்க, ரெண்டு காப்பி வையுங்க. உடனே ஆள் வந்து கண்டுபிடிச்சுக் கொடுப்பாங்க."

"நீங்க இன்னொரு காலையும் ஊன்றி யோசிச்சா நல்லா இருக்கும்" என்றார் கனகசபை.

"அந்தக் கால் மத்தியானத்துக்கு மேலதான் வேலைக்கு வரும்" என்றது நாரை.

வரிசையில் பின்னால் நின்ற மிளா மான் ஒன்று அவர் தோளைத் தொட்டது. "அண்ணே, பூமிக்குள்ள தண்ணி எங்கே இருக்குன்னு தெரியணும், அவ்வளவுதானே? அதுக்குன்னே ஆள் இருக்கே. நீரோட்டம் நல்லபெருமாள்னு சொன்னா சின்னப் பூச்சிக்கும் தெரியும்."

நிபுணர் என்ற சொல்லை மிளா சொல்லவில்லை. ஆனாலும் கனகசபையின் காதில் அது விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை நல்லபெருமாள் வந்தார். அவர் ஓர் ஓணான். நீரோட்டம் பார்ப்பவர்கள் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். ஓணானின் உள்ளங்கையில் ஒரு மிளகுதான் நிற்கும். ஆகவே கரடி தேங்காயைப் பிடித்துக்கொள்ள, ஓணான் தேங்காயின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

"நடங்க" என்றார் ஓணான், தலையை ஆட்டிக்கொண்டே.

"இங்கே இருக்குங்களா, ஐயா?"

ஓணான் தலையை ஆட்டினார்.

"இங்கே?"

அதற்கும் ஆட்டினார். மதுரம் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தரை சொதசொதவென்று கிடந்தது. கனகசபையின் கால் வழுக்கியது. தேங்காய் எழுந்து நின்றது, சுழன்றது, ஓணானோடு புல்லில் விழுந்தது.

"பார்த்தீங்களா! என்னையே தூக்கி அடிச்சிட்டா!" என்று சேற்றிலிருந்து ஓணானின் குரல் வந்தது. "பாறை இடுக்குல அறுபது அடியில கங்கை மாதிரி ஓடறா. போர் போடுங்க!"

"ஐயா, அது எங்க தொட்டித் தண்ணி" என்றாள் கோமளம்.

"அம்மா, பூமிக்குள்ள போனப்புறம் உங்க தண்ணி, எங்க தண்ணின்னு உண்டா?"

கனகசபைக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருடத்தில் எந்த நிபுணரும் அவரிடம் இவ்வளவு ஆழமாகப் பேசியதில்லை. "அப்போ அந்தக் கசிவு?" என்று மெல்லக் கேட்டார்.

"இவ்வளவு பெரிய ஊற்றைக் காலடியில வச்சுக்கிட்டுக் கசிவைத் தேடி அலையலாமா?"

சனிக்கிழமை மரங்கொத்திகள் போர் போட வந்தன. மரம் கொத்துவதுதான் அவற்றின் தொழில். மரங்கள் குறைந்துவிட்டதால் இப்போது பூமிக்கு இறங்கியிருந்தன. பன்னிரண்டு மரங்கொத்திகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு தலைகீழாகக் குழிக்குள் தொங்கின. நாலாவது அடியில் 'டப்'பென்று ஒரு சத்தம். தலைமை மரங்கொத்தி அலகில் ஒரு வெள்ளைச் சில்லோடு மேலே வந்தது.

"வெள்ளைப் பாறை சார். ரொம்ப அபூர்வம். உள்ளே வட்டமா, வழுவழுன்னு இருக்கு. இது கிடைச்சா தண்ணி நிச்சயம்."

சொல்லி முடிக்கவில்லை. குழியிலிருந்து தண்ணீர் பீறிட்டது. அறுபது அடியில் வர வேண்டிய கங்கை நாலடியிலேயே வந்துவிட்டாள். அக்கம்பக்கத்து மிருகங்கள் கைதட்டின. கனகசபை முதல் கையளவை வாயருகே கொண்டுபோனார்.

வெட்டிவேர் மணந்தது.

கோமளம் கோடை தொடங்கியதுமே மாடித் தொட்டிக்குள் ஒரு வெட்டிவேர்க் கட்டைப் போட்டுவைப்பாள். கரடியின் மூக்குக்கு மூன்று மலை தாண்டியிருக்கும் தேனடையே தெரியும். தன் வீட்டுத் தொட்டி தெரியாதா? அவர் நிமிர்ந்தார். கோமளம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஜலதோஷம்" என்றார் கனகசபை.

சாயங்காலத்துக்குள் மோட்டார் மாட்டியாயிற்று. மதுரம் கொல்லையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தாள். "அப்பா, தொட்டியிலேர்ந்து குழாய்க்குப் போகுது. குழாயிலேர்ந்து போருக்கு. போரிலேர்ந்து மறுபடி தொட்டிக்கு. நம்ம தண்ணி நம்ம வீட்டையே பிரதட்சிணம் பண்ணிட்டிருக்கு."

"பிரதட்சிணம் நல்லதுதானேம்மா."

"மோட்டாரை நிறுத்தினா?"

"ஞாயித்துக்கிழமை முடியற வரைக்கும் நிறுத்த வேண்டாம்" என்றார், மோட்டாரைத் தடவிக் கொடுத்தபடி.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுரங்கம் குடும்பத்தோடு வந்து இறங்கினார். மாப்பிள்ளையின் ரோமத்தைப் பார்த்ததும் கனகசபை மனசுக்குள் அண்டாக்களை எண்ணினார். பதினெட்டு அண்டா பத்தாது; இருபத்துநாலு வேண்டும். பொன்னுரங்கம் பஜ்ஜியைத் தொடவில்லை, பெண்ணைக்கூடப் பார்க்கவில்லை. நேரே மாடி ஏறித் தொட்டிக்குள் கையை விட்டார். போர்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கீழே வந்து சமையலறைக் குழாயைத் திறந்தார். சளசளவென்று வந்தது. ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கனகசபை கொல்லை மோட்டாரை எட்டிப் பார்த்தார். பொன்னுரங்கத்துக்கும் கரடி மூக்குதானே?

"மண்ணுக்குள்ளேயே வெட்டிவேர் வாசனை!" என்றார் பொன்னுரங்கம். "எங்க மலையில எத்தனை போர் பார்த்திருக்கேன், இப்படி ஒரு தண்ணி கிடையாது. தட்டு மாத்திக்கலாம், சம்பந்தி."

தட்டு மாற்றினார்கள். பஜ்ஜியும் தீர்ந்தது. புறப்படும்போது பொன்னுரங்கம் கனகசபையைத் துவைக்கிற கல் பக்கம் ஒதுக்கிக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினார்.

"நமக்குள்ள இருக்கட்டும். எங்க வீட்டுத் தொட்டி காலையில நிரம்புது, மத்தியானத்துக்குள்ள காலியாயிடுது. ஏன்னே தெரியலை. பின்பக்கத்துல புல்லு மட்டும் நல்லா வளருது. உங்களுக்கு யாரு நீரோட்டம் பார்த்தாங்க?"

கனகசபை அந்த வாரத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். மிகுந்த மரியாதையோடு ஓணானின் நம்பரை எழுதிக்கொடுத்தார்.

கல்யாணம் தடபுடலாக நடந்தது. மகளுக்குச் சீர் கட்டும்போது வெண்கல அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் கோமளம் ஒரு மண்வெட்டியைச் செருகிவைத்தாள். நகம் வெட்டாத கைகளால் மதுரம் அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டாள்.

நீதி: வீட்டுக் குழாயில் கசிவு கண்டால் பதறி அடைத்துவிடாதீர்கள், அடைத்த குழாயைப் பார்த்து எவரும் சம்பந்தம் பேசியதில்லை. கசிவின் மேல் ஒரு மோட்டாரை வையுங்கள். வெட்டிவேர் போட மறக்க வேண்டாம்.