ஏதென்ஸிலிருந்து வந்த கிழவர்கள்

ரோமாபுரியில் முட்டாள் கிழவர்கள் கிடையாது. கஞ்சர்கள் கிடையாது. கொடுத்த வாக்கை மறப்பவர்கள் அறவே கிடையாது. ஆகவே எங்கள் நகைச்சுவை நாடகங்களுக்குத் தேவைப்படும் அத்தனை கிழவர்களையும் ஏதென்ஸிலிருந்துதான் வரவழைக்கிறோம். மேடையில் அசடு வழிகிறவன் கிரேக்க மேலங்கிதான் போட்டிருக்க வேண்டும் என்பது மரபு. ரோமானியர் மனம் புண்படக் கூடாதல்லவா?

பேச்சுக்கலை மாணவனாகிய நான், மாபெரும் நாடகாசிரியர் ட்ரெபியஸின் குழுவில், மேடைக் கதவுக்குப் பின்னால் நின்று மறந்த வசனத்தை எடுத்துக்கொடுக்கும் உயர் பதவி வகித்தேன்.

அந்த ஆண்டுத் திருவிழா அதிகாரி நுமிசியஸ். தேர்தலில் நிற்கவிருந்ததால் அவருக்குக் கலைமீது திடீர்க் காதல். நாடகத்தில் அடிமையாக நடித்த நிகியோ, நிஜத்திலும் அவருடைய அடிமைதான். "வர்ற பண்டிகைக்கு உன்னை விடுதலை பண்ணிடறேன்" என்று பண்டிகைதோறும் தவறாமல் அவனுக்கு வாக்களிப்பார்.

நாடகத்தின் கதையும் ஏறக்குறைய அதுதான். ஏதென்ஸ் கிழவன் ஒருவன் விடுதலை தருவதாகச் சொல்லியே அடிமையை ஏய்க்கிறான். ஒருநாள் மனைவிக்குப் பயந்து பெட்டிக்குள் ஒளிகிறான். அடிமை பெட்டியைப் பூட்டிவிடுகிறான். விடுதலை தந்தால்தான் மூடி திறக்கும்.

ஒத்திகை பார்த்த நுமிசியஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"யோவ் ட்ரெபியஸ், இப்படியும் ஒரு கிழவன் இருப்பானாய்யா?"

"ஏதென்ஸ்ல இருக்காங்க எசமான்."

"வெக்கங்கெட்ட ஊரு! டேய் நிகியோ, என்கிட்ட இருக்க நீ குடுத்து வச்சிருக்கணும்டா."

"ஆமாங்க எசமான். போன பண்டிகையிலயே நெனச்சேன்."

நுமிசியஸ் ஒரேயொரு "கலைத் திருத்தம்" சொன்னார். "ஏதென்ஸ், ஏதென்ஸ்னு இன்னும் நாலு எடத்துல போடு. ஜனங்க வேற யாரையாவது நெனச்சுக்கப் போறாங்க."

போட்டோம். கிழவன் தும்மினால்கூட ஏதென்ஸில் தும்முவதாக அறிவித்தோம்.

நாடகத்தன்று பக்கத்துத் திடலில் கரடி வித்தை. இருந்தும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. பெரியவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

"உங்க மச்சானை அப்படியே உரிச்சு வச்சிருக்கான் பாருங்க!"

"அப்படியா? நான் உங்களைத்தான்னுல்ல நெனச்சேன்."

பார்க்கிறவனுக்குப் பக்கத்து இருக்கைக்காரனை மட்டுமே காட்டும் கண்ணாடி அது. ட்ரெபியஸின் ஞானம் அத்தகையது.

பெட்டி திறந்தது. கிழவன் விடுதலை தந்தான். கூட்டம் எழுந்து நின்று, "அவனை நெசமாவே விடுதலை பண்ணுங்க!" என்று கத்தியது. நடிப்பு பிடித்துவிட்டால் எங்கள் ஜனங்கள் இப்படிக் கேட்பதுண்டு. எசமானர்கள் கொடுத்ததும் உண்டு. அத்தனை தலைகளும் முன்வரிசை நுமிசியஸ் பக்கம் திரும்பின. நிகியோ பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். அவன் கதவுப் பக்கம் என்னைப் பார்த்தான். இந்த இடத்துக்கு என்னிடம் வசனம் இல்லை.

நுமிசியஸ் அங்கியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக எழுந்தார்.

"மகா ஜனங்களே! இவன் பெட்டியைப் பூட்டுனது எங்க?"

"ஏதென்ஸ்ல!" நாங்கள்தான் அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தோமே.

"விடுதலை வாங்குனது?"

"ஏதென்ஸ்ல!"

"அப்ப அங்கயே போய் அனுபவிக்கச் சொல்லுங்க. அந்த ஊர் விவகாரத்துல தலையிட எனக்கு ஏதுய்யா அதிகாரம்?"

அரங்கம் அதிர்ந்தது. விடுதலை கேட்டுக் கத்திய அதே வாய்கள்தான் சிரித்தன. அன்றைய பெரிய சிரிப்பு அதுதான், ட்ரெபியஸ் எழுதாதது.

சிரிப்பு அடங்கும்வரை நிகியோ காத்திருந்தான். பிறகு பணிவாகக் குனிந்து கேட்டான்:

"கப்பல் எப்பங்க எசமான்?"

மறுபடியும் சிரித்தார்கள். அது வசனம் என்று நினைத்துவிட்டார்கள்.

நுமிசியஸ் தேர்தலில் அமோகமாக வென்றார். அடுத்த திருவிழாவுக்கும் அதே நாடகம்தான் வேண்டுமென்று சொல்லியனுப்பினார். அடிமை வேடத்துக்கு நிகியோவேதான். "அவனுக்கு நல்ல அனுபவம் இருக்கு" என்றாராம்.

ஆரம்பத்தில் நான் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். எங்கள் கிழவர்கள் அத்தனை பேரும் உள்ளூர் விளைச்சல். ஏதென்ஸிலிருந்து நாங்கள் வரவழைப்பது அந்த மேலங்கியை மட்டும்தான்.