சரியாக ஒரு மீட்டர்

வேலி கோணலாக இருந்தது. தலைநகர் லிமாவிலிருந்து விசாரணைக்கு ஒரு மனிதர் வந்து நிற்கிற நாளில் அது டாக்டர் நெலிடாவின் கண்ணை உறுத்தியது.

கழுதைக்காரர் ஃபோர்ச்சுனாட்டோவின் முற்றத்து மூலையில் கினிப்பன்றிகள் புல் மென்றுகொண்டிருந்தன. அவற்றைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை நெருக்கி நட்ட வேலி. ஒரு துண்டு சாண் உயரம், பக்கத்தில் இருந்தது அரைச் சாண், அதற்கடுத்தது கிட்டத்தட்ட முழம்.

"என்னய்யா இது, பல்லு போன வாய் மாதிரி?"

"பன்னிங்களுக்கு இது போதுங்க டாக்டரம்மா."

"வர்றவங்க பாத்தா சிரிக்க மாட்டாங்க? எல்லாத்தையும் ஒரே மட்டமா அறுத்து வை. நான் சொன்னா சொன்னபடி நடக்கணும்."

"என்னைக்கு நடக்காம இருந்திருக்கு?" என்ற ஃபோர்ச்சுனாட்டோ, வீட்டுக்குள் போய் மனைவி எபிஃபானியாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

லிமாக்காரர் பேராசிரியர் சண்டோவால். குரலே உயர்த்தாத மனுஷன். கையில் ஒரு சின்ன நோட்டு. அதில் அவர் எழுதப்போவதை வைத்துத்தான் நெலிடாவின் கட்டுரையும் பனிமலை ஆராய்ச்சி நிலைய இயக்குநர் பதவியும் நிற்குமா போகுமா என்று முடிவாகும்.

உலகத்துப் பனிமலை ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாம் ஒன்றுகூடி, கடல் ஏறுது, பனி போகுது என்று மூக்கைச் சிந்தும் மாநாடுகளில், நெலிடா மட்டும் தலை நிமிர்ந்து மேடையேறுவார். "எங்கள் வில்கராஹு பனிமலை ஆறு வருஷமாக அசையவில்லை. எங்கள் மலையிலிருந்து கடலுக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடுதலாகப் போகவில்லை!" கைதட்டல் அள்ளும். இப்போது செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, பனி எட்டு மீட்டர் இறங்கிவிட்டது என்று எவனோ எழுதிவிட்டான்.

"படம் ஆயிரம் சொல்லும் சார்," என்றார் நெலிடா, மூச்சு வாங்க ஏறிக்கொண்டே. "நான் பனியிலேயே துளை போட்டு அஞ்சு குழாய் இறக்கியிருக்கேன். ஒவ்வொண்ணும் பத்து மீட்டர். ஒன்பது உள்ளே, ஒண்ணு வெளியே. பனி உருகினா குழாய் நீட்டிக்கிட்டு நிக்கும். நிக்கலையே!"

"நீங்க கடைசியா எப்போ மேலே வந்தீங்க?"

நெலிடா முட்டியைத் தடவிக்கொண்டார். குழாய் நட்ட வருஷம்தான் கடைசி. அப்புறம் முட்டி ஆபரேஷன், பதவி, மாநாடு. "ஃபோர்ச்சுனாட்டோ ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஏறிப் பாத்துட்டு போன் பண்ணுவார். ஒரு தடவை தவறினதில்லை."

"தவறினதில்லைங்க," என்றார் ஃபோர்ச்சுனாட்டோ, வறுத்த சோளத்தை மென்றபடி.

பனி தொடங்க வேண்டிய இடத்தில் ஒரு குளம் கிடந்தது.

"மழைத்தண்ணி," என்றார் நெலிடா அவசரமாக.

"இல்லைங்க, மூணு வருஷமா இருக்கு. வாத்தெல்லாம் வருது."

சண்டோவால் எழுதிக்கொண்டார். குளத்தைச் சுற்றிப் போனால் நேரமாகும் என்று நெலிடா அவர்களைப் பாறை வழியாகக் கூட்டிப்போனார். அங்கே நிலைமை இன்னும் மோசம். முன்பு பாறையிலிருந்து அப்படியே பனிமேல் கால் வைக்கலாம். இப்போது பனி பாதாளத்தில் தெரிந்தது. ஏணியை இறக்கினால் அது பாதி வழியில் தொங்கியது.

"ஏணி குட்டையாயிடுச்சோ?" என்றார் சண்டோவால் மெதுவாக.

"ஏணி அதேதான் சார்," என்றார் ஃபோர்ச்சுனாட்டோ. நெலிடா அவரை முறைத்தார். கடைசியில் இடுப்பில் கயிறு கட்டி, மூட்டையை இறக்குவதுபோல் டாக்டரம்மாவைப் பனிமேல் இறக்கினார்கள். நோட்டில் அதுவும் ஏறியது.

ஆனால் முதல் குழாயைப் பார்த்ததும் நெலிடாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது இடுப்பளவே நின்றது. நாடாவை இழுத்து அளந்தார்.

"ஒரு மீட்டர் நாலு சென்டிமீட்டர்! பாருங்க சார்! ஆறு வருஷத்துல நாலே நாலு சென்டிமீட்டர்!"

ஃபோர்ச்சுனாட்டோ தொப்பியைக் கழற்றினார். முகம் சுண்டிப்போயிருந்தது. "மன்னிச்சுக்கோங்க டாக்டரம்மா. இன்னைக்கு ரம்பம் கையில இல்ல. அடுத்த தடவை சரி பண்ணிடறேன்."

"ரம்பமா?" என்றார் சண்டோவால்.

"அறுக்கத்தான். குழாய் நட்டப்போ டாக்டரம்மா கண்டிப்பா சொன்னாங்களே, 'ஒரு மீட்டர்தான் வெளியே இருக்கணும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது, உன் பொறுப்பு'ன்னு. குறைஞ்சதே இல்ல. ஆனா கூடிக்கிட்டே போகுது, சனியன். ஒவ்வொரு தடவையும் அளந்து, கூடினதை அறுத்துட்டுத்தான் வருவேன்."

நெலிடா குழாயை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி இழுத்தார். சொத்தைப் பல் மாதிரி அது பிடுங்கிக்கொண்டு வந்தது. மொத்தமே இரண்டு மீட்டர்தான் இருக்கும்.

அப்படியே பனிமேல் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. பதவிக்காக மட்டும் இல்லை. தன் மலை ஒன்றாவது பிழைத்துக் கிடக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார்.

சண்டோவால் நோட்டை மூடப்போனவர், நிறுத்தினார். "அறுத்த துண்டெல்லாம் எங்கே?"

"நல்ல பொருளை யாராவது வீசுவாங்களா? எந்தக் குழாய், எந்த மாசம்னு ஒவ்வொண்ணோட அடியிலயும் கத்தியால கீறி, பன்னிக்கு வேலி போட்டுட்டேன். டாக்டரம்மா கணக்குக் கேட்டா காட்டணுமே."

சண்டோவால் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "டாக்டர், எழுந்திருங்க! ஒவ்வொரு துண்டோட நீளமும் ரெண்டு மாசம் உருகின பனி! உங்க பழைய கட்டுரை போச்சு, போகட்டும். ஆறு வருஷக் கணக்கு, மாசம் போட்டு, அந்த முற்றத்துல நட்டு வச்சிருக்கு. இந்த மலைத்தொடர்ல வேற யார்கிட்ட இருக்கு? புதுக் கட்டுரையை நானே சிபாரிசு பண்றேன்!"

நெலிடா துள்ளி எழுந்து ஃபோர்ச்சுனாட்டோவைக் கட்டிக்கொண்டார். "தங்கமே! நீ என் மானத்தையே காப்பாத்திட்ட! வாங்க, ஓடுங்க, இறங்குங்க!"

இருவரும் கயிறு தொங்கிய பாறையைப் பார்த்து ஓடினார்கள். ஃபோர்ச்சுனாட்டோ மட்டும் நகராமல், சூரியன் எங்கே நிற்கிறது என்று அண்ணாந்து பார்த்தார்.

"மெதுவாப் போங்க டாக்டரம்மா, அவசரமே இல்ல. காலையில நீங்க சொன்னபடி எல்லாத்தையும் ஒரே மட்டமா அறுக்கச் சொல்லி, எபிஃபானியா கையில ரம்பத்தைக் குடுத்துட்டுத்தான் வந்தேன், இந்நேரம் முடிச்சிருப்பா."